கெடிலம் வற்றும் இடம்

என் வீட்டுக்காரர் பாட்டுக் கட்டுகிறவர். சினிமாவுக்கு இல்லை, கர்நாடக சங்கீதம். இதைச் சொன்னதும் "அடேயப்பா" என்று வாயைப் பிளப்பவர்களிடம் நான் உடனே சொல்லிவிடுவேன்: முதலில் கேட்டுப் பாருங்கள், அப்புறம் பிளக்கலாம். முப்பது வருஷமாக ஒரே கூரைக்குக் கீழே அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறவள் நான். ஒரு நாளும் பிடித்ததில்லை. அவரிடமே சொல்லியும் இருக்கிறேன். "எப்படி இருக்கு சௌந்தரம்?" என்பார். "கண்றாவியா இருக்கு" என்பேன். "சரி" என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். இதில் எங்களுக்குள் சண்டை வந்ததே கிடையாது.

பெயர் பூவராகன். ஸ்ரீமுஷ்ணம் பக்கம் நிலபுலன் உள்ள குடும்பம். சிதம்பரத்தில் சங்கீதம் படித்துவிட்டு மின்வாரிய ஆபீசில் குமாஸ்தாவாகக் காலம் தள்ளி ஓய்வு பெற்றவர். நான் திருப்பாதிரிப்புலியூரில் மேட்சிங் சென்டர் வைத்திருக்கிறேன். ஜாக்கெட் துணி, லைனிங், ஃபால்ஸ். எனக்கு ராகம் தாளம் தெரியாது. ஆனால் காது இருக்கிறது, பாவம் அது என்ன செய்யும்?

கடலூரில் கச்சேரி கேட்கிற கூட்டம் மொத்தத்தையும் உட்கார வைத்தால் ஒரு கல்யாணப் பந்திக்குக் காணாது. அதற்குள் இவர் பாட்டை வைத்து இரண்டு கட்சி.

திட்டுகிற கட்சிக்குத் தலைவன் என் கூடப் பிறந்த தம்பி பாலகுமார். உரக்கடை வைத்திருக்கிறான், சபா கமிட்டியில் இருக்கிறான். கச்சேரியில் முதல் வரிசையில் உட்கார்ந்து தொடையில் தாளம் போடுவான், மூன்றாவது வரிசைக்குக் கேட்கும். இவருடைய பாட்டில் மட்டும் அவன் தாளம் பாதியில் தவறிவிடும். தாளம் தவறினால் யார் மேல் தப்பு? பாட்டுக் கட்டினவர் மேல்தான்.

"அக்கா, மாமா பாட்டுல பக்தியே இல்லக்கா. நெய்வேலி பொகையப் பத்தி ஒரு கீர்த்தன. சில்வர் பீச்சு அலையப் பத்தி ஒரு கீர்த்தன. இன்னா இது? முருகன் எங்க, அம்பாள் எங்க? சாமி இல்லாத பாட்டுக்குக் கன்னத்துல போட்டுக்க முடியுமா?"

பாட்டைக் கேட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வதுதான் இவனுக்கு ரசனை. தேங்காய் மட்டும்தான் உடைக்கவில்லை.

புகழ்கிற கட்சி இதைவிட மோசம். அதற்குத் தலைவர் மஞ்சக்குப்பத்துப் பல் டாக்டர் எழிலன். 'பூவராகம்' என்று ஒரு வாட்ஸ்அப் குழு நடத்துகிறார். தினமும் காலையில் அதில் ஒரு விளக்கவுரை விழும். 'ஐயாவின் இசை, இசையையே கேள்வி கேட்கும் இசை' என்று ஒரு நாள் எழுதியிருந்தார். யார் பதில் சொல்வது என்று கேட்டுப் போட்டேன், என்னைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஒரு தடவை வீட்டுக்கு வந்தவரிடம், "ஐயா பாட்டுல ஒரே ஒரு வரி பாடுங்க டாக்டர்" என்றேன். சிரித்தார். தண்ணீர் கேட்டார். பல் பிடுங்கும்போது நோயாளிக்கு ஐயாவின் பாட்டைத்தான் போட்டுவிடுகிறாராம், வலியே தெரியவில்லையாம். நம்புகிறேன். ஒரு பெரிய வலி இருக்கும்போது சின்ன வலி தெரியாது.

இவருக்கு இந்த இரண்டு கட்சியும் ஒன்றுதான். திட்டினாலும் தலையாட்டுவார், புகழ்ந்தாலும் தலையாட்டுவார். ஆனால் 'கெடிலம்' என்று ஒரு பாட்டைக் கட்டி முடித்ததிலிருந்து ஆள் மாறிவிட்டார்.

நம் ஊர் ஆற்றைப் பற்றிய பாட்டு. மழைக்காலத்தில் பொங்கி வருவது, கரை உடைவது, அப்புறம் கோடையில் காய்ந்து கிடப்பது. ஆறு வற்றுகிற வரி வந்ததும் பாட்டு நின்றுவிட வேண்டும். பாடகர், வயலின், மிருதங்கம் எல்லாமே. தாளம் மட்டும் கையில் ஓட வேண்டும். அதுவும் மெதுவான தாளத்தில் ஒரு முழுச் சுற்று. அது முடிந்து, முதல் தண்ணீர் வருகிற மாதிரி, ஒரே ஒரு சுரம் மெல்லத் தொடங்கும். இதை என்னிடம் விளக்கினபோது, "மத்த பாட்டுக்கும் இத வெக்கலாமே, முழுசா" என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

போன மாசியில் கடலூர் சபாவில் அனுப்பிரியா அதைப் பாடினாள். சிதம்பரத்தில் பள்ளிக்கூடத்துப் பாட்டு டீச்சர். இவருடைய பாட்டுகளைப் பாட ஒத்துக்கொள்கிற ஒரே ஜீவன் அவள்தான், அந்தத் தைரியத்துக்கே விருது கொடுக்கலாம். வற்றுகிற வரி வந்தது. நின்றாள். வயலினும் மிருதங்கமும் நின்றன. என் தம்பிக்குத் தெரிந்தது ஒன்றுதான்: சத்தம் நின்றால் பாட்டு முடிந்தது. படபடவென்று கைதட்டினான். அவன் தட்டினால் கமிட்டி தட்டும், கமிட்டி தட்டினால் ஹாலே தட்டும். தட்டி முடித்துப் பொன்னாடையை உதறிப் பிடித்துக்கொண்டு மேடை ஏறியே விட்டான். அந்தப் பெண் கண்ணை மூடித் தாளம் போட்டுக்கொண்டிருக்கிறாள், இவன் போர்த்திய பொன்னாடை அவள் கையோடு சேர்த்து விழுந்தது. எண்ணிக்கை போயே போச்சு. பதறி எழுந்து கும்பிட்டாள். ஆறு வற்றினது வற்றினதுதான், தண்ணீர் வரவேயில்லை.

மறுநாள் சாப்பிடும்போது இவர் சொன்னார்.

"சிதம்பரத்துல இன்னொரு தடவ பாடறேன்னு அந்தப் பொண்ணு சொல்லுது. அங்கயும் அந்த எடத்துல கைதட்டினாங்கன்னா, அத்தோட நிறுத்திக்கிறேன் சௌந்தரம். இனிமே பாட்டு இல்ல."

"நெஜமாவா?"

"நெஜமாத்தான். ஒரு சுத்து சும்மா உக்காந்து கேக்க முடியாதவங்களுக்கு நான் எதுக்கு எழுதணும்?"

சொன்னால் செய்கிற ஆள். சிகரெட்டை அப்படித்தான் விட்டார். ஒரு நாள் "போதும்" என்றார், அதற்குப் பிறகு வீட்டில் தீப்பெட்டி அடுப்புக்கு மட்டும்தான்.

எனக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைப்பானேன். அவர் பாட்டுக் கட்டுகிற முன்னறை காலியாகும், கடைச் சரக்கைக் கொண்டுவந்து அடுக்கலாம் என்று கணக்குப் போட்டேன். ஆனால் அதற்குப் பிறகு அவர் அந்த அறைப் பக்கம் போகவே இல்லை. சிதம்பரம் கச்சேரி முடியட்டும் என்று எல்லாவற்றையும் தள்ளிப்போட்டுவிட்டார். காலையில் என்னோடு கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வார். சும்மா இருக்கக் கூடாதென்று துணியை நிறம் பிரித்து அடுக்குவார். மாம்பழ மஞ்சளையும் எலுமிச்சை மஞ்சளையும் ஒன்றாகப் போட்டுவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். "நல்லா இருக்கா?" என்பார். அந்த மனுஷனை அப்படிப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. கண்றாவிப் பாட்டோ என்னவோ, அது இல்லாவிட்டால் இந்த ஆளிடம் ஒன்றுமே மிச்சமில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

ஆடியில் சிதம்பரம் தெற்கு வீதியில் ஒரு கல்யாண மண்டபத்தில் கச்சேரி. ஏற்பாடு பல் டாக்டர். பஸ்ஸை விட்டு இறங்கிப் போனால் வாசலிலேயே என் தம்பி நிற்கிறான், சட்டையில் சென்ட்டு வேறு. கடலூரிலிருந்து இதற்காகவே காரில் வந்திருக்கிறான்.

"மாமா கடைசிக் கச்சேரியாமே. வராம இருப்பனா?"

"வாய மூடு. இன்னிக்கு மேடையேறின, காலை ஒடச்சிடுவேன்."

"எனக்கு இன்னா வேல? இது அவுங்க ஏற்பாடு. நான் பின்னாடி உக்காந்து பாக்கறேன்."

டிபன் சாப்பிடுகிற இடத்தில் அவனும் டாக்டரும் முட்டிக்கொண்டார்கள். "அந்த மௌனம் தமிழிசையில ஒரு திருப்புமுனை" என்றார் டாக்டர். "மௌனத்துக்கு எதுக்குங்க பாடகி, எங்க கடைல மதியானம் வந்து உக்காருங்க, நல்லா இருக்கும்" என்றான் இவன். இரண்டு பேரும் கிச்சடியில் இருந்த முந்திரியைப் பொறுக்கித் தின்றுகொண்டேதான் பேசினார்கள்.

டாக்டர் இவரிடம் வந்து, "ஐயா, பாட்டுக்கு முன்னாடி மைக்ல ஒரு வார்த்த சொல்லிடறேன். இந்த எடத்துல மௌனம் வரும், யாரும் கைதட்ட வேணாம்னு" என்றார்.

"வேணாம்" என்றார் இவர்.

"சொல்லாட்டி இவுங்களுக்குப் புரியாதுங்க ஐயா."

"சொல்லிட்டு செஞ்சா அது மிரட்டி உக்கார வெக்கிறது. தானா உக்காரணும். உக்காந்தா உக்காரட்டும், இல்லன்னா இல்ல."

மேடைக்குப் பின்னால் அனுப்பிரியா விரல் விட்டு எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "போன தடவ எண்ணிக்க தவறிடுச்சும்மா. இந்தத் தடவ வாய்க்குள்ளயே தகதிமி சொல்லிக்கிட்டே எண்ணப் போறேன். இடி விழுந்தாலும் விட மாட்டேன்" என்றாள். "மகராசியா எண்ணும்மா" என்றேன்.

கச்சேரி தொடங்கியது. இவர் முதல் வரிசை நடுவில். உட்கார்ந்ததுமே கண்ணை மூடிக்கொண்டார், அவர் எப்போதும் அப்படித்தான் கேட்பார். எனக்கு மேடையோரம் தூணுக்குப் பக்கத்தில் பக்கவாட்டில் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அங்கிருந்து மேடையும் தெரிந்தது, ஜனங்களின் முகமும் தெரிந்தது. ஆகா, என்ன முகங்கள். ஒருத்தர் செல்லில் மாட்டு விலை பார்க்கிறார். ஒரு அம்மா பக்கத்து அம்மாவின் வளையலைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். டாக்டரின் ஆட்கள் மட்டும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்திருந்தார்கள், கழுத்து சுளுக்கினவர்கள் மாதிரி. இவர்களை நம்பியா என் வீட்டுக்காரர் தன் வாழ்க்கையைப் பணயம் வைத்தார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கெடிலம் வந்தது. வெள்ளம் போயிற்று. கரை உடைந்தது. வற்றுகிற வரியைப் பாடி அனுப்பிரியா நிறுத்தினாள்.

தம்பியைத் தேடினேன், பின்னால் உட்கார்ந்திருந்தான். யாரும் கைதட்டவில்லை. மேடையைப் பார்த்தேன். அனுப்பிரியாவின் கை தாளம் போடுகிறது, உதடு விடாமல் அசைகிறது. வயலின்காரர் வில்லைத் தந்தி மேலேயே வைத்திருக்கிறார். மிருதங்கக்காரர் விரலால் தோலைத் தொட்டுத் தொட்டு எண்ணுகிறார். சத்தம் மட்டும் இல்லை. திரும்பி ஜனங்களைப் பார்த்தேன். ஒருத்தருக்குப் பின் ஒருத்தராக எல்லாத் தலையும் பின்பக்கம் திரும்பியது. அங்கே மைக்செட் ஆரோக்கியராஜ் எழுந்து நின்று, முகமெல்லாம் வேர்த்து, பெட்டியில் இருந்த குமிழை எல்லாம் திருகிக்கொண்டிருந்தார். ஒருத்தர் அவரைப் பார்த்துக் கையை ஆட்டி, 'என்னாச்சு?' என்று கேட்டார்.

மைக் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். அத்தனை பேரும்!

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. அந்த ஹாலில் அது பாட்டுதான் என்று தெரிந்து கேட்டவள், கீழே இருந்தவர்களில், அவரை விட்டால் நான் ஒருத்திதான். மேலே மின்விசிறி சுற்றுகிறது, வெளியே ஏதோ ஒரு வண்டி போகிறது, அந்தக் கை மட்டும் விழுந்து விழுந்து எழுகிறது. பாலத்து மேலிருந்து கோடையில் பார்க்கிற வெறும் மணல் என் கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது. நடுவில் கோரை, ஓரத்தில் கிழிந்த சேலை. அப்புறம் அந்த ஒரு சுரம் வந்தது. நன்றாக இருந்தது. சத்தியமாக நன்றாக இருந்தது.

ஹால் முழுக்கக் கைதட்டினார்கள், மைக் வந்துவிட்டதே என்று. இவர் கண்ணைத் திறக்கவில்லை. மூடின கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து மூக்கோரம் இறங்கியது.

கச்சேரி முடிந்ததும் கூட்டத்துக்குள் புகுந்தேன். "நல்லாத்தான் பாடுது, நடுவுல மைக்தான் மானத்த வாங்கிடுச்சு" என்று ஒரு பெரியவர். டாக்டர் என் கையைப் பிடிக்காத குறையாக வந்தார்.

"அம்மா, இந்தப் பொண்ணு இப்படிப் பண்ணிடுச்சே. மௌனத்த விட்டுட்டு அந்த எடத்துலயும் பாடியிருக்காங்க, ஒதடு அசஞ்சத நானே பாத்தேன். மைக் வேற போயி ஒண்ணும் கேக்கல. ஐயா மனசு இன்னா பாடுபடுமோ."

தமிழிசையின் திருப்புமுனை மூக்குக்கு முன்னால் நடந்திருக்கிறது, இந்த ஆளுக்கு அது ஒயர் கோளாறு. இவர் எப்படித்தான் சொத்தைப் பல்லைச் சரியாகப் பார்த்துப் பிடுங்குகிறாரோ. என் தம்பி அடுத்தாற்போல் வந்தான்.

"அக்கா, கோவிச்சிக்காத. மாமா பாட்டுல இன்னிக்கு ஒரே ஒரு எடம்தான் நிம்மதியா இருந்துச்சு. அந்த மைக் போன எடம்."

"போடா" என்றேன். வேறு என்ன சொல்வது? இரண்டு கட்சியிலும் ரசிகன் என்று ஒருத்தன் இருந்தானென்றால் அது இவன்தான், அதுவும் அவனுக்கே தெரியாமல்.

அப்போதுதான் ஆரோக்கியராஜ் கண்ணில் பட்டார். ஆள் இடிந்து போய், இவர் உட்கார்ந்திருந்த உள்ளறையைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார். ஓடிப்போய் வாசலிலேயே மறித்தேன்.

"எங்க போறீங்க?"

"ஐயாகிட்ட ஒரு மன்னிப்பு கேட்டுட்டுப் போயிடறேம்மா. லெவல் எல்லாம் கரெக்டா இருந்துச்சு, எப்படிப் போச்சுன்னே தெரியல. டாக்டர் இனிமே கூப்புட மாட்டேன்னு திட்டறாரு."

"மைக் போவல. பாட்டே அப்படித்தான்."

"பாட்டே அப்படியா?" அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அதுக்கு எதுக்கும்மா என்னைய வரச் சொன்னீங்க?"

"உங்க மேல தப்பில்லன்னு நாளைக்கே டாக்டர்கிட்ட நான் சொல்றேன். அவுரு வாயத் தெறக்காம இருக்கறதுக்கும் நான் பொறுப்பு. இப்ப ஐயாகிட்ட மட்டும் போவாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

மனுஷன் புரியாமலேயே தலையாட்டிவிட்டு ஒயரைச் சுருட்டப் போனார். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

இவர் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஆறிப்போன காப்பி. என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தார். கல்யாணத்தன்றுகூட அந்த முகத்தில் அப்படி ஒரு ஆவலை நான் பார்த்ததில்லை.

"அந்த எடத்துல யாரும் கைதட்டல, இல்ல?"

"தட்டல."

"நான் கண்ண மூடிட்டு இருந்தேன். நீ அந்தப் பக்கம்தானே பாத்துட்டு இருந்த. உண்மையா கேட்டாங்களா? ஆளாளுக்குத் திரும்பிப் பாத்துக்கிட்டு, பேசிக்கிட்டு, அப்படியெல்லாம் இல்லயே? டாக்டர் சொன்னா நான் நம்ப மாட்டேன். நீ சொல்லு."

"ஒருத்தரும் அசையல" என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நம்புகிறாரா இல்லையா தெரியவில்லை. அப்புறம் கேட்டார்.

"உனக்கு எப்படி இருந்துச்சு?"

நன்றாக இருந்தது என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். முப்பது வருஷத்தில் முதல் தடவை. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதைச் சொன்னால் அடுத்த நிமிஷமே கண்டுபிடித்துவிடுவார். சௌந்தரம் பாராட்டுகிறாள் என்றால் வெளியே ஏதோ கெட்டது நடந்திருக்கிறது, என்னைத் தேற்றப் பார்க்கிறாள் என்று தெரிந்துகொள்வார். கதவைத் திறந்து போய் முதலில் கண்ணில் படுகிறவனைக் கேட்பார். அவன் மைக் என்பான்.

"எனக்கா? கண்றாவியா இருந்துச்சு" என்றேன். "அவ்ளோ நேரம் சும்மா இருக்கறதுக்கு ஒரு பாட்டா? அந்த ஜனங்க எப்படித்தான் வாயப் பொளந்துகிட்டு உக்காந்திருந்தாங்களோ, கர்மம்."

அவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. கடகடவென்று சிரித்தார். சிரித்துக்கொண்டே மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"உனக்கு என்னைக்குத்தான் புரிஞ்சிருக்கு" என்றார். "பரவால்ல, வுடு. அவுங்களுக்குப் புரிஞ்சிது."

ஆறின காப்பியை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். அடுத்த பாட்டில் இரண்டு சுற்று வைக்கப் போவதாகச் சொன்னார். நான் அவருடைய செருப்பைத் தேடி எடுத்துப் போட்டுவிட்டு, கடலூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, கிளம்புங்கள் என்றேன்.